பக்கெட்டிடம் சொன்னது

பெரியவளும் சின்னவளும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் அறையும் சமையலறையும், அந்தப் பக்கமும் அதேபோல. நடுவில் ஒரு கதவு. ஒரு காலத்தில் அந்தக் கதவைச் சாத்தும் வழக்கமே இல்லை. உப்பு இல்லையென்றால் அங்கிருந்து வரும், நெருப்புப்பெட்டி இல்லையென்றால் இங்கிருந்து போகும்.

பெரியவளுக்கு ஒரே மகள். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெண் கதவைத் தாண்டிச் சித்தி வீட்டுக்குப் போய்விடும். சாப்பாடு, தூக்கம், சடை பின்னல் எல்லாம் அங்கேதான். "பெத்தது மட்டும்தான் நான், கொஞ்சுறதுக்கு நீ" என்று பெரியவள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அதில் பொறாமை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

அந்த மகளுக்கு வரன் வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி சின்னவளைத் தனியே பிடித்து, "பொண்ணுக்கு உடம்புல ஒண்ணும் கோளாறு இல்லையே?" என்று கேட்டாள். சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது. "சின்ன வயசுல ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சு. அப்புறம் வரவே இல்ல. இனிமே பயமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள். அந்த அத்தையின் காதில் முதல் பாதி மட்டும்தான் ஏறியது. மறுநாளே வரன் நின்றுபோனது.

"என் பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!"

"கேட்டாங்க, சொன்னேன். மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கு அங்க போய்த் தெரிஞ்சா அவ கதி என்னக்கா?"

"உன்னை யாரு கேட்டா?"

"அவங்கதான் கேட்டாங்க!"

தெருவே கேட்டுச் சிரித்த சண்டை அது. அன்று சாயங்காலம் பெரியவள் நடுக்கதவைத் தாழ் போட்டு, போதாக்குறைக்கு அரிசி டிரம்மை இழுத்துக் குறுக்கே வைத்தாள். பிறகு மகளுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. பேரனும் பிறந்தான். மகள் ஊரிலிருந்து போன் பண்ணினால் அம்மாவிடம் பேசிவிட்டுச் சித்தியிடமும் தனியாகப் பேசுவாள். டிரம் மட்டும் நகரவில்லை. கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. அதை முதலில் ஒத்துக்கொள்வது யார் என்பதுதான் பாக்கி.

பெரியவளின் புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் கட்டட வேலைக்குப் போனாள். கட்டுகிற வேலை இல்லை, கழுவுகிற வேலை. அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் தரையிலும் சுவரிலும் காய்ந்து கிடக்கும் சிமெண்டையும் பெயிண்ட் சொட்டுகளையும் சுரண்டி, ஆசிட் விட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கித் தர வேண்டும். வாங்குகிறவர்கள் உள்ளே வரும்போது அந்த வீட்டில் யாரும் வேலை செய்த அடையாளமே இருக்கக் கூடாது. அதுதான் அவர்கள் வேலை.

சின்னவளும் சில மாதத்தில் அதே கூட்டத்தில் வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் லாரி ஷெட்டில் காவல்காரன். அந்தச் சம்பளத்தில் பாதி வாரம்தான் ஓடும். பெரியவள் இருக்கிறாள் என்பதற்காகச் சின்னவள் வராமல் இருக்கவில்லை, சின்னவள் வந்துவிட்டாள் என்பதற்காகப் பெரியவள் போகவும் இல்லை. பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

மூன்றாவதாக ஒருத்தி உண்டு. அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது, ஆனால் மனசில் கள்ளம் கிடையாது. வேலை முறை இப்படி: பெரியவள் முன்னால் போய்ச் சுரண்டுவாள், சின்னவள் பின்னால் வந்து ஆசிட் விட்டுத் தேய்ப்பாள், ரேடியோ கடைசியில் தண்ணீர் விட்டு அலசித் துடைப்பாள்.

பேச்சு இல்லை என்றாலும் வேலை நடக்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி தானாக உண்டாகிவிட்டது. பெரியவள் சொல்ல வேண்டியதை பக்கெட்டைப் பார்த்துச் சொல்லுவாள். "இந்த பக்கெட்டுக்கு அறிவுன்னு ஒண்ணு இருந்தா, தண்ணி கலங்கிப் போச்சுன்னு தெரிஞ்சிருக்கும்." உடனே சின்னவள் கையிலிருக்கும் துடைப்பத்திடம், "தொடப்பமே, உனக்குக் கால் இருந்தா நீயே போய் மாத்திட்டு வந்திருவ, இல்ல?" என்பாள். நடுவில் ரேடியோ விழுந்து விழுந்து சிரிப்பாள். முக்கியமான விஷயம் என்றால் அவளே தூது போவாள். "சின்னக்கா, பெரியக்கா சொல்றாங்க, அந்த ஜன்னலோரம் பார்த்து மிதிக்கணுமாம், டைல்ஸ் ஆடுதாம்." கேட்க வேண்டியவள் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருப்பாள்.

அந்தக் கட்டடத்தில் தினமும் காலையில் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். முன்வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து, பாதுகாப்பு அதிகாரி மைக்கில் பேசுவார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எந்த வேலைக்கு எந்த மாஸ்க் என்றெல்லாம். கம்பி கட்டுகிறவர்கள், எலக்ட்ரீஷியன்கள், பெயிண்டர்கள் நிற்பார்கள். கழுவுகிற பெண்கள் நின்றதில்லை. அவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, கம்பெனி வேலை கொடுத்த ஒருத்தர் வேலை கொடுத்த மேஸ்திரியின் ஆட்கள். அவர்களுக்குப் பின்வாசல். மைக் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வரும், வார்த்தை புரியாது.

மேஸ்திரிக்கு வாயைத் திறந்தால் "ஆச்சா?" என்ற ஒரே கேள்விதான். மூன்றாம் மாடி ஆச்சா, பால்கனி ஆச்சா, சாப்பாடு ஆச்சா. மாதத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொடுப்பார். அது பத்து நாளில் விரல் நுனியில் கிழியும். தூசிக்குப் போடுகிற மெல்லிய துணி மாஸ்க் ஆளுக்கு ஒன்று. ஆசிட் நெடி அதற்குள்ளே நேராக வரும். "இதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான் மேஸ்திரி" என்று பெரியவள் ஒருமுறை சொன்னாள். "போட்டோ எடுக்க வருவாங்கம்மா, அப்பப் போட்டுக்குங்க" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அதற்குத்தான் கொடுத்திருந்தார்.

ஆசிட் பெரிய வெள்ளைக் கேனில் வரும். கேனில் ஒட்டியிருந்த காகிதம் நனைந்து கிழிந்து எப்போதோ போய்விட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது என்பதால் பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். நெடியை வைத்துத்தான் எது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படித்தான் அங்கே எல்லாரும் வேலை செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு ரேடியோ வரவில்லை. பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஐந்தாம் மாடியில் ஒரு வீட்டுக் குளியலறையில் குழாய் கசிந்து, டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த வாரமே வீட்டை ஒப்படைக்க வேண்டும். மேஸ்திரி பெரியவளிடம் ஒரு புது பாட்டிலைக் கொண்டு வந்து கொடுத்தார். அதுவும் பழைய தண்ணீர் பாட்டில்தான்.

"இது புது மருந்தும்மா. கறுப்புக்கு இது, வெள்ளைக்கு ஆசிட். இதை நல்லா ஊத்தி ஊற விட்டுடுங்க, பூஞ்சை ஓடிப் போயிடும். மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க. ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் பெரியவள்.

அவர் சொன்னது அவ்வளவுதான். இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

பெரியவள் குளியலறைத் தரை முழுக்க அந்த மருந்தை ஊற்றினாள். துணி துவைக்கும் வெளுப்பு நெடி அடித்தது. தாங்க முடியாத நெடி என்று சொல்ல முடியாது. ஊறட்டும் என்று விட்டுவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் சின்னவள் எதிரே வந்தாள். ஒரு கையில் பக்கெட், மறு கையில் ஆசிட் பாட்டில். நடைபாதையில் பெயிண்டர்கள் மெஷின் வைத்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே யாரோ கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காத சத்தம்.

பெரியவள் நின்றாள். சின்னவளைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தாள். "உள்ள புது மருந்து ஊத்தியிருக்கு" என்றாள்.

சொன்னாள் என்றுதான் நினைக்கிறாள். உதடு அசைந்தது நிச்சயம். குரல் எவ்வளவு வந்தது என்பது பிறகு எத்தனை முறை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். எப்போதும் அப்படித்தான் திருப்புவாள். அதை வைத்துக் கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியாது.

அந்தக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று வெளியேற மேலே ஒரு துளை உண்டு. பெயிண்ட் தூசி போய் அடைக்கக் கூடாது என்று அதை பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டியிருந்தார்கள். கதவுக்கு இன்னும் பூட்டும் கைப்பிடியும் மாட்டவில்லை. வெளியிலிருந்து பெயிண்ட் வாடை வராமலிருக்கச் சின்னவள் கதவைச் சாத்தி, பக்கெட்டை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆசிட்டை ஊற்றினாள்.

பெரியவள் அடுத்த வீட்டு ஹாலில் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மெஷின்கள் சற்று ஓய்ந்த இடைவெளியில் இருமல் சத்தம் கேட்டது. ஆசிட் என்றாலே இருமல் வரும். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பக்கெட் உருளுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளை எழுப்பியது.

கதவுக்கு அடியிலிருந்து ஒரு நெடி வந்தது. அதுவரை அவள் முகர்ந்த எந்த நெடியைப் போலவும் அது இல்லை. மூக்கில் நுழைவதற்கு முன்னால் கண்ணைக் குத்தியது. கதவைத் தள்ளினாள். அரை அடி திறந்து ஏதோ தடுத்தது. சின்னவளின் கால். இடுக்கு வழியாகப் பார்த்தபோது தரையோடு தரையாகப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை கிடந்தது. மேலெழும்பாமல் தண்ணீர் தேங்குவதுபோலத் தேங்கி நின்றது. சின்னவளின் முகம் அதற்குள்ளே இருந்தது.

"ஏய்! எந்திரிடி! எந்திரி!"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு நேராக அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

தோள்பட்டையால் இடித்து உள்ளே நுழைந்தாள். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு சின்னவளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு மூச்சுதான் இழுத்திருப்பாள். தொண்டையில் நெருப்பை விட்டமாதிரி ஆகி, கண் இருண்டு, வெளியே வந்து விழுந்தாள். அதற்குள் சத்தம் கேட்டு ஒரு பெயிண்டர் ஓடி வந்தான். அவன் முகத்தில் இரண்டு பக்கமும் டப்பி வைத்த தடித்த ரப்பர் மாஸ்க் இருந்தது. அவனுக்குக் கம்பெனி கொடுத்தது. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே போய், சின்னவளைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வந்து பால்கனியில் கிடத்தினான்.

சின்னவள் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேதான் எல்லோரும் ஏமாந்தார்கள். முதலுதவி அறையில் கண்ணைக் கழுவிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டபோது பாதுகாப்பு அதிகாரி, "உட்கார்ந்திருக்காங்க, பேசுறாங்க, எதுக்கு?" என்றார். ஆம்புலன்ஸ் வந்தால் எழுத வேண்டும், எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டும். மேஸ்திரி தன் பங்குக்கு, "நாளைக்கு லீவு எடுத்துக்குங்கம்மா. இப்பப் பரவாயில்ல, ஆச்சா?" என்றார். இரண்டு பெண்களும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்போது பெரியவள் கையை நீட்டினாள், சின்னவள் பிடித்துக்கொண்டாள். பேசவில்லை, இருவருக்கும் தொண்டை புண்.

பொழுது சாய்கிற நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் கத்துவது கேட்டது. பெரியவள் அரிசி டிரம்மைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, தாழைத் திறந்துகொண்டு ஓடினாள். சின்னவள் கட்டிலில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பதுபோலச் சத்தம். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கெமிக்கல்?" யாருக்கும் தெரியவில்லை. கொழுந்தன் கட்டடத்துக்கு ஓடினான். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் பயனில்லை. பாட்டில், கேன் எல்லாவற்றையும் அதற்குள் எடுத்துவிட்டார்கள். குளியலறையைக் கழுவி, துளையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளையும் கிழித்துவிட்டார்கள். கடைசியில் பெரியவள்தான், கம்மிப்போன குரலில், டாக்டரிடம் சொன்னாள்.

"கறுப்புக்கு ஒண்ணு, வெள்ளைக்கு ஒண்ணு, டாக்டர். ஒண்ணு ஆசிட். இன்னொண்ணு துணி வெளுக்கிற வாடை அடிச்சுது. ரெண்டும் சேர்ந்ததும் மஞ்சளாப் புகை, தரையிலயே கிடந்துச்சு."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "போதும்மா. புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சின்னவள் பிழைத்தாள். மூன்று வாரம் முகத்தில் குழாயோடு கிடந்தாள்.

அந்த மூன்று வாரத்துக்குள் வெளியே வேறொரு கதை கிளம்பியது. ஓரகத்திகள் இருவருக்கும் ஆகாது, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை, பெரியவள் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள், இது குடும்பச் சண்டை, கம்பெனிக்கு இதில் சம்பந்தமில்லை. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஆனால் கம்பெனி மேனேஜரின் வாயிலிருந்தும் மேஸ்திரியின் வாயிலிருந்தும் அது வார்த்தை மாறாமல் வந்தது. கொழுந்தன் காதுக்கும் போனது. அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவளை மறித்தான்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை. சொன்னீங்களா, சொல்லலையா?"

"சொன்னேன்."

"அவகிட்டயா?"

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். நடுத்தர வயதுப் பெண், அதிகம் பேசாதவர். கட்டட வாசலில் இருந்த தகரக் கொட்டகை ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"நான் தெளிவாச் சொன்னேன் மேடம்" என்றார் மேஸ்திரி. "ரெண்டையும் கலக்கக் கூடாது, ஜாக்கிரதைன்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்லுங்கன்னும் சொன்னேன். இவங்க அந்தம்மாகிட்ட பேச மாட்டாங்க. ஊருக்கே தெரியும்."

அதிகாரி பெரியவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கலக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

"இல்லீங்க. கறுப்புக்கு இது, வெள்ளைக்கு ஆசிட், ஊத்தி ஊற விடுன்னாரு. மத்தவங்ககிட்டயும் சொல்லுன்னாரு. ஆச்சான்னாரு. அவ்வளவுதான்."

"நீங்க உங்க ஓரகத்திகிட்ட சொன்னீங்களா?"

மேனேஜர் நாற்காலியில் முன்னால் வந்தார். அவள் என்ன சொன்னாலும் அவருக்கு லாபம். சொன்னேன் என்றால், சொல்லியும் கேட்காத சின்னவளின் தப்பு. சொல்லவில்லை என்றால் பெரியவளின் தப்பு. பெரியவளுக்கு அது புரியாமலில்லை. ஆனால் வேறு எதைச் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"பக்கெட்கிட்ட சொன்னேங்க" என்றாள்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "விளக்கமாச் சொல்லுங்க."

பெரியவள் சொன்னாள். கதவு, டிரம், ரேடியோ, மெஷின் சத்தம், அசைந்த உதடு எல்லாவற்றையும். தன் வீட்டு அழுக்குத் துணியை நாலு பேர் முன்னால் உதறிப் போடுகிற கூச்சத்தில் காது மடல் எரிந்தது. கடைசியில், "மேடம், நான் சொல்லாதது தப்புன்னா தப்புதான். ஆனா நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்? புது மருந்து ஊத்தியிருக்குன்னு சொல்லியிருப்பேன். அது விஷமாகும்னு எனக்கே தெரியாதே. எனக்குத் தெரியாததை அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

அதிகாரி ஆஸ்பத்திரிக்கும் போனார். சின்னவளுக்கு அப்போதுதான் குழாயை எடுத்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்ல இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. பெரியவள் கால்மாட்டில் நின்றாள். போகச் சொன்னால் போகலாம் என்று இருந்தாள், யாரும் சொல்லவில்லை.

"அவங்க உங்ககிட்ட சொன்னாங்களாம்மா?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"சொன்னாங்க." மூச்சு. "மருந்து... ஊத்தியிருக்குன்னு... சொன்னாங்க. காதுல விழுந்துச்சு." மறுபடி மூச்சு. "சேர்த்தா... இப்படி ஆகும்னு... எங்க ரெண்டு பேருக்கும்... யாரும் சொல்லல."

பொய் சொல்ல வராதவள் சின்னவள். அதனால் அது நிஜம்தான் என்று கொழுந்தன் நம்பினான். அன்றோடு அண்ணியிடம் முறைப்பதை விட்டான். பெரியவளுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. தன் குரலே தனக்குக் கேட்டதா என்று தெரியாதபோது, அந்தச் சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டது. அதற்குமேல் எதற்கும் தான் பொறுப்பில்லை என்று கைகழுவியது. மேஸ்திரியை அனுப்பிவிட்டார்கள், அடுத்த மாதமே அவர் வேறொரு கட்டடத்தில் "ஆச்சா?" கேட்டுக்கொண்டிருப்பதாக ரேடியோ செய்தி கொண்டுவந்தாள். ஐந்தாம் மாடி வீடு குறித்த நாளில் கைமாறியது. பாட்டில்களுக்குச் சிவப்பும் நீலமுமாகச் சீட்டு ஒட்டினார்கள், டப்பி வைத்த மாஸ்க் நாலு வாங்கி வைத்தார்கள். கழுவுகிற பெண்களையும் காலைக் கூட்டத்தில் நிற்க வைத்தார்கள். வெயிலில் நின்று கேட்டபோதுதான் பெரியவளுக்குத் தெரிந்தது, அவ்வளவு காலமும் அந்த மைக்கில் சொன்னதில் பாதி தங்களுக்கு வேண்டிய விஷயம் என்று. இரண்டாவது நாள் அவள் வரிசையிலிருந்து விலகிப் போய்ச் சிமெண்ட் மூட்டை மறைவில் உட்கார்ந்து அழுதாள்.

சின்னவள் வீட்டுக்கு வந்தாள். நுரையீரல் முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். தாளிக்கிற புகை ஆகாது, சோப்பு வாசனை ஆகாது, குளிர்காற்று ஆகாது. அதனால் சமையல் பெரியவள் பக்கத்து அடுப்பில் மட்டும் என்று ஆனது. எண்ணெய் காய்கிறவரை நடுக்கதவைச் சாத்தி, பிறகு திறந்து, தட்டை எடுத்துப்போக வேண்டும்.

பேச்சு வந்துவிட்டது. முதல் பேச்சே சண்டைதான். "இவ்வளவு உப்பா?" என்று சின்னவள் கேட்க, "நாக்குல ருசி இருக்கே, அதுக்குச் சந்தோஷப்படு" என்று பெரியவள் சொன்னாள். சண்டையின் நடுவில் சின்னவள் மூச்சு வாங்கிக்கொள்ளக் கையைத் தூக்கிக் காட்டுவாள். பெரியவள் நிறுத்திக்கொண்டு காத்திருப்பாள். தன் முறை வந்ததும் மறுபடி திட்டுவாள். பழைய வேகத்தில் ஒன்றுக்கு நாலு சொல்கிற தெம்பு சின்னவளுக்கு இல்லை. ஒரு வார்த்தையைப் பொறுக்கி எடுத்துச் சொல்லுவாள். அது பெரியவளின் நெஞ்சில் நாலு வார்த்தைக்குச் சமமாக இறங்கும்.

ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் கேட்டாள்.

"நிஜமாச் சொல்லு. அன்னைக்கு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

சின்னவள் மடியில் விழுந்த முடியை எடுத்து விரலில் சுற்றினாள்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள்.

"அந்தம்மா கேட்டதைக் கேக்கல. நான் கேக்கிறேன்."

"சிக்கு... விழுந்திருக்கு பாருங்க... இழுக்காம எடுங்க."

பெரியவள் சீப்பின் நுனியால் சிக்கை எடுக்க ஆரம்பித்தாள்.

கழுவுகிற வேலைக்கு அவள் தொடர்ந்து போய்வந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் அந்த வருமானம் வேண்டியிருந்தது. ஆனால் எத்தனை தடவை குளித்துவிட்டு வந்தாலும் தலைமுடியிலும் துணி மடிப்பிலும் ஆசிட் வாடை ஒட்டிக்கொண்டு வரும். அவளுக்குத் தெரியாது, சின்னவளின் நெஞ்சுக்குத் தெரியும். பெரியவள் வாசலில் கால் வைத்தாலே அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்துவிடும். கொல்லையிலேயே துணி மாற்றிப் பார்த்தாள். வேலை இடத்தில் மாற்று உடை வைத்துக்கொண்டு பார்த்தாள். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் இருமல் நிற்காமல் உதடு நீலமாகி, மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்த மறுநாள் பெரியவள் போய்க் கையுறையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு? இந்த வயசுல... வேற என்ன... வேலை குடுப்பான்?" என்று சின்னவள் சீறினாள்.

கொடுத்தார்கள். மணல் சலிப்பது, செங்கல் சுமப்பது. சம்பளம் குறைவு, முதுகு வலி அதிகம். ஐம்பதைத் தாண்டிய உடம்பில் இளம்பெண்கள் தூக்குகிற பாரத்தைத் தூக்கினாள். மேலே ஏறும்போது முழங்கால் இரண்டும் நெறநெறக்கும். அந்த ஒற்றை மூச்சில் இழுத்த புகை அவள் தொண்டையிலும் கொஞ்சம் தங்கிவிட்டிருந்தது. இரண்டு மாடி ஏறினால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்க வேண்டும். புதுசாக வந்த மேஸ்திரி முணுமுணுப்பார். நின்று, மூச்சு திரும்பிய பிறகுதான் அவள் கூடையைத் தூக்குவாள்.

செங்கல் தூசி படிந்து சாயங்காலம் வீடு வருவாள். வாசலில் நின்று துணியை உதறுவாள். உள்ளே சின்னவள் ஜன்னலோரம் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

"தூசியை... வெளியவே உதறிட்டு வாங்க."

"உதறிக்கிட்டுத்தானே இருக்கேன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது." மூச்சு. "இடது தோள்ல... இன்னும் இருக்கு."

பெரியவள் இடது தோளைத் தட்டிக்கொண்டாள்.